ஆட்டத்துக்கு டிக்கெட் இருக்கிறது, தங்க அறை இருக்கிறதா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மலைத்தொடர்களுக்கு நடுவே ஸ்டேட் காலேஜ் என்று ஓர் ஊர் இருக்கிறது. மாணவர்களையும் சேர்த்து ஊரின் மக்கள்தொகை சுமார் 40 ஆயிரம். ஊரை ஒட்டியிருக்கும் பென் ஸ்டேட் பல்கலைக்கழக வளாகத்தில் பீவர் ஸ்டேடியம் நிற்கிறது. அதில் 1,06,000-க்கும் மேற்பட்டோர் உட்காரலாம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஆறு, ஏழு சனிக்கிழமைகளில் கல்லூரி ஃபுட்பாலுக்காக அந்த மைதானம் நிரம்பி வழியும். ஊர் ஜனத்தைப்போல் இரண்டரை மடங்கு கூட்டம் ஒரே நாளில் வந்து இறங்குகிறது. பலர் காரில் வந்து அன்றே திரும்பிவிடுவார்கள். மற்றவர்களுக்கு வெள்ளி இரவும் சனி இரவும் தலைசாய்க்க ஓர் இடம் வேண்டும்.

கல்லூரி ஃபுட்பால் பார்க்கப் போகிறவர்கள் முதலில் டிக்கெட்டுக்குத்தான் அலைகிறார்கள். டிக்கெட் கடைசி நாள்வரை கைமாறிக்கொண்டே இருக்கும். விலை கொடுத்தால் கிடைத்துவிடும். அறை அப்படியல்ல. தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

இங்கே ஃபுட்பால் என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். கல்லூரி அளவில் இதன் முதல் போட்டியாகச் சொல்லப்படுவது 1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சியில் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் மோதியது. அதில் ரட்கர்ஸ் 6-4 என்று வென்றது. இன்று தொழில்முறை அணிகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை ஆடுகின்றன; சனிக்கிழமை கல்லூரிகளுக்கு உரியது. நாட்டின் மிகப்பெரிய மைதானங்களும் பல்கலைக்கழகங்களிடம்தான் இருக்கின்றன. ஆன் ஆர்பர் நகரிலுள்ள மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். 2020-இல் கொரோனாவுக்காகக் கதவை மூடிய பருவம் நீங்கலாக, 1975 நவம்பரிலிருந்து அங்கே நடந்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு லட்சம் பேருக்குக் குறையாமல் வந்திருக்கிறார்கள். ஓஹியோ ஸ்டேட், டெக்சஸ் ஏ அண்ட் எம், டென்னசி, எல்.எஸ்.யு., அலபாமா பல்கலைக்கழகங்களின் மைதானங்களும் லட்சத்தைத் தாண்டியவை. தொழில்முறை அணிகளின் மைதானம் எதிலும் வழக்கமான இருக்கைகள் அந்த எண்ணிக்கையைத் தொடுவதில்லை.

இவ்வளவு பெரிய மைதானங்கள் சிற்றூர்களில் அமைந்ததற்கு ஒரு பழைய சட்டமும் காரணம். விவசாயமும் பொறியியலும் சொல்லித்தரும் கல்லூரிகளை நடத்த மாநிலங்களுக்கு நிலம் தரும் மாரில் சட்டம் 1862-இல் வந்தது. பென் ஸ்டேட், டெக்சஸ் ஏ அண்ட் எம், ஆபர்ன், கிளெம்சன் எல்லாம் அந்தச் சட்டத்தின் பலனைப் பெற்றவை. பெருநகரங்களை விட்டு விலகி, விளைநிலங்களுக்கு நடுவே வளர்ந்தவை. தென் கரோலினாவின் கிளெம்சன் ஊரில் சுமார் 17 ஆயிரம் பேர்தான் வசிக்கிறார்கள். அங்குள்ள மைதானத்தில் 81 ஆயிரம் பேர் உட்காரலாம்.

அப்படியென்றால் அங்கே இன்னும் நாலு ஹோட்டல் கட்டினால் என்ன என்று தோன்றும். கட்டுகிறவர் பக்கம் நின்று பார்த்தால் விஷயம் புரியும். சொந்த ஊரில் ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ ஏழு ஆட்டங்கள். ஆட்டத்துக்கு இரண்டு இரவு என்றால் மொத்தம் 14 இரவுகள். மீதி 351 இரவுக்கும் அறைகளை யார் நிரப்புவது? ஊரின் சாதாரண நாள்களுக்கு எத்தனை அறை போதுமோ அத்தனைதான் கட்டுவார்கள். ஆண்டின் வருமானத்தில் ஒரு பெரிய பங்கை அந்த 14 இரவுகளில் எடுத்துவிட வேண்டும் என்றும் பார்ப்பார்கள். சாதாரண நாளில் நூறு, நூற்றைம்பது டாலருக்குக் கிடைக்கும் நெடுஞ்சாலையோர அறை அந்த வாரம் மூன்று நான்கு மடங்கு விலை கேட்பது இதனால்தான். ஒரு இரவுக்கு மட்டும் தரமாட்டார்கள். இரண்டு இரவுக்குச் சேர்த்து எடுக்க வேண்டும். பெரிய ஆட்டமென்றால் சில இடங்களில் மூன்று இரவு.

இருக்கிற அறைகளிலும் ஒரு பகுதி பொதுமக்கள் கைக்கு வருவதில்லை. வெளியூர் அணிக்கு ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், மருத்துவக் குழு எல்லோருக்கும் அறை வேண்டும். உள்ளூர் அணியும் ஆட்டத்துக்கு முந்தைய இரவு ஹோட்டலில்தான் தங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. மாணவர் விடுதியின் சத்தத்திலிருந்து பையன்களைப் பிரித்து, ஒரே இடத்தில் சாப்பிடவைத்து, நேரத்தோடு படுக்கவைக்கப் பல பெரிய அணிகள் இந்த வழக்கத்தை வைத்திருக்கின்றன. தொலைக்காட்சிக் குழுவுக்கும் நடுவர்களுக்கும் அறை போக வேண்டும். ஆண்டுதோறும் அதே அறைக்கு வரும் முன்னாள் மாணவர்கள் போன பருவம் முடிவதற்குள்ளேயே அடுத்ததற்குப் பெயர் கொடுத்துவிடுகிறார்கள். புதிதாகத் தேடுகிறவர் இவர்களுக்கெல்லாம் பின்னால்தான் நிற்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஆட்டம் எந்தச் சனிக்கிழமை என்பது பல மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். வேறு பிரிவு அணிகளுடனான ஆட்டங்கள் என்றால் ஆண்டுக்கணக்கில் முன்பே ஒப்பந்தமாகியிருக்கும். எத்தனை மணிக்கு என்பது மட்டும் தெரியாது. பருவத்தின் முதல் சில வாரங்களையும் முன்கூட்டியே அறிவிக்கும் சில ஆட்டங்களையும் விட்டால், நேரத்தை முடிவுசெய்வது ஒளிபரப்பும் நிறுவனங்கள். அதுவும் வழக்கமாக 12 நாள்களுக்கு முன். சில வாரங்களில் 6 நாள்களுக்கு முன். எந்த அணி நன்றாக ஆடுகிறது, எந்த ஆட்டத்துக்குப் பார்வையாளர் அதிகம் என்று பார்த்து நண்பகல், பிற்பகல் மூன்றரை, இரவு ஏழரை ஆகியவற்றை ஒட்டிய ஒரு நேரத்தைக் கொடுப்பார்கள். ஆட்டம் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் ஓடும். நண்பகல் ஆட்டமென்றால் மாலை நாலு மணிக்கு வெளியே வந்து இருட்டுவதற்குள் பாதி வழி போய்விடலாம். இரவு ஆட்டமென்றால் மைதானத்தை விட்டு வெளியே வரவே பதினொன்று ஆகிவிடும்.

அறையோ ஏழெட்டு மாதம் முன்பே எடுத்தாக வேண்டும். ஆகவே, பகல் ஆட்டமானாலும் இரவு ஆட்டமானாலும் தாக்குப்பிடிக்கும் அறையைத்தான் தேட வேண்டும். இதை யோசிக்காமல், விலையும் நட்சத்திரமும் பார்த்து எடுத்த அறை பிறகு காலை வாரிவிடும்.

எப்படி என்பதை ஸ்டேட் காலேஜிலேயே பார்க்கலாம். இரவு பதினொன்றரை மணி. ஒரு லட்சம் பேர் ஒரே சமயத்தில் வாயில்களை விட்டு இறங்குகிறார்கள். வண்டிகள் நிற்பது பெரும்பாலும் புல்வெளிகளில். மழை பெய்திருந்தால் சேறு. கார் கண்டுபிடிக்க அரைமணி, வரிசை நகர ஒரு மணி, பிறகு ஊரைச் சுற்றிப் போலீஸ் திருப்பிவிடும் வழியில்தான் போக வேண்டும். பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கிவிட்டிருப்பார்கள். அப்போது, வரைபடத்தில் 15 கிலோமீட்டர் என்று காட்டிய ஹோட்டல் இரண்டு மணி நேரத் தொலைவுக்குப் போய்விடுகிறது. நகரத்து மையத்தில் அறை எடுத்தவர் அரைமணி நடையில் படுக்கைக்குப் போயிருப்பார்.

தொலைவை ஆட்டத்துக்குப் போகும் நேரத்தை வைத்து அளக்கக் கூடாது, திரும்பும் நேரத்தை வைத்து அளக்க வேண்டும். ஒன்று, நடந்து போகும் தூரம். விலை கையைக் கடித்தாலும் அதற்கு அர்த்தம் இருக்கிறது. அல்லது நெரிசலைத் தாண்டி, ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளி, வீட்டுக்குப் போகும் திசையில் ஓர் அறை. இரண்டுக்கும் நடுவில் பத்து, இருபது கிலோமீட்டரில் இருக்கும் வளையம்தான் மோசம். அங்கே விலை ஏறக்குறைய நகர விலைதான், நெரிசலிலிருந்தும் தப்ப முடியாது.

திசை என்பது சின்ன விஷயமில்லை. ஸ்டேட் காலேஜுக்கு ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வருபவர்கள் 322-ஆம் நெடுஞ்சாலையில் தென்கிழக்கே திரும்ப வேண்டும். அவர்களுக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டரிலுள்ள லூயிஸ்டவுனும், இன்னும் கீழே ஹாரிஸ்பர்கும் பொருத்தம். பிட்ஸ்பர்க் பக்கத்துக்காரர்களுக்குத் தென்மேற்கே சுமார் 70 கிலோமீட்டரிலுள்ள அல்டூனா. அங்கே இறங்கி உறங்கினால் ஞாயிறு காலைப் பயணத்தில் ஒரு பகுதி முன்னரே முடிந்திருக்கும். மிசிசிப்பி மாநிலத்தின் ஆக்ஸ்ஃபர்டிலும் இதே கதைதான். சுமார் 25 ஆயிரம் பேர் வசிக்கும் ஊர், 64 ஆயிரம் பேருக்கான மைதானம். ஆட்டத்தன்று க்ரோவ் என்ற பத்து ஏக்கர் மரத்தோப்பு முழுக்கக் கூடாரம் அடித்து, மேசைவிரிப்பு போட்டு, சரவிளக்குகூடத் தொங்கவிட்டு விருந்து நடத்துவார்கள். மெம்ஃபிஸுக்குத் திரும்புகிறவர்கள் மேற்கே நெடுஞ்சாலைச் சந்திப்பிலுள்ள பேட்ஸ்வில்லிலும், அலபாமா பக்கம் போகிறவர்கள் கிழக்கே டூப்பெலோவிலும் தங்குவது வழக்கம்.

தள்ளித் தங்குவதென்று முடிவுசெய்தால் விமான நிலையத்தை ஒட்டிய ஹோட்டல்களையும் அலுவலகப் பூங்காக்களை ஒட்டியவற்றையும் முதலில் பார்க்க வேண்டும். திங்கள் முதல் வியாழன்வரை வேலையாக வருகிறவர்களால் அவை நிறைந்திருக்கும், வெள்ளியன்று காலியாகிவிடும். ஃபுட்பால் கூட்டத்துக்குத் தேவையான அதே இரண்டு இரவுகள்தான் அவற்றுக்கு மந்தமான இரவுகள். ஆன் ஆர்பருக்குப் போகிறவர்களுக்கு, சுமார் 40 கிலோமீட்டரிலுள்ள டெட்ராய்ட் விமான நிலையப் பகுதி அப்படியொரு புகலிடம். ஓஹியோ ஸ்டேட் இருக்கும் கொலம்பஸோ ஒன்பது லட்சம் பேர் வாழும் பெருநகரம். அங்கே அறைப் பஞ்சம் இந்த அளவுக்கு வாட்டாது. எந்த ஆட்டத்துக்குப் போகலாம் என்று இன்னும் முடிவு செய்யாதவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

தூரத்தோடு கடிகாரத்தையும் பார்க்க வேண்டிய ஊர்கள் உண்டு. நோட்ர டாம் பல்கலைக்கழகம் இருக்கும் சவுத் பெண்ட், சிகாகோவிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர். இரண்டுக்கும் இடையே ரயிலும் ஓடுகிறது. சிகாகோவில் தங்கிப் போய்வரலாம் என்று பலர் நினைப்பார்கள். நினைப்பு சரிதான். ஆனால் சவுத் பெண்ட் கிழக்கு நேரத்திலும் சிகாகோ மத்திய நேரத்திலும் இருக்கின்றன. பிற்பகல் மூன்றரை ஆட்டம் சிகாகோக் கடிகாரப்படி இரண்டரைக்கே தொடங்கிவிடும். இரவு ஆட்டமென்றால் திரும்பக் கடைசி ரயில் எப்போது என்று பார்க்காமல் போகக் கூடாது. அலபாமாவின் ஆபர்னில் இது தலைகீழ். ஆபர்ன் மத்திய நேரத்தில் இருக்கிறது. பக்கத்து மாநில எல்லையிலுள்ள ஜார்ஜியாவின் கொலம்பஸ் கிழக்கு நேரத்தில். அங்கே தங்குகிறவருக்குப் போகும்போது ஒரு மணி நேரம் லாபம், நள்ளிரவில் திரும்பும்போது ஒரு மணி நேரத் தூக்கம் நஷ்டம்.

மைதானத்துக்கு அருகில் தங்க ஆசைப்படுகிறவர்கள் பல்கலைக்கழகங்களின் சொந்த விடுதிகளை மறந்துவிடக் கூடாது. ஓஹியோ ஸ்டேட் வளாகத்தில் தி பிளாக்வெல், நோட்ர டாமில் மாரிஸ் இன், ஓல் மிஸ் என்று அழைக்கப்படும் ஆக்ஸ்ஃபர்டின் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் தி இன் அட் ஓல் மிஸ். ஆட்ட நாளில் இவற்றில் இடம் பிடிப்பது குதிரைக்கொம்புதான். ஆனாலும் யாராவது ரத்து செய்வார்கள், கேட்டு வைப்பதில் தவறில்லை. கல்லூரி ஊர்களையே குறிவைத்து 2014-இல் தொடங்கிய கிராஜுவேட் ஹோட்டல்ஸ் என்ற வரிசையும் இருக்கிறது. ஜார்ஜியாவின் ஏதென்ஸ், ஆன் ஆர்பர், ஆக்ஸ்ஃபர்ட், அயோவா சிட்டி என்று பரவியது. அறைச் சாவி அட்டையைக்கூட அந்தக் கல்லூரியில் படித்த புகழ்பெற்றவர்களின் பழைய மாணவர் அடையாள அட்டைபோல அச்சிட்டிருப்பார்கள். 2024-இல் ஹில்டன் நிறுவனம் 21 கோடி டாலர் கொடுத்து இந்தப் பெயரை வாங்கியது. உலகின் பெரிய ஹோட்டல் நிறுவனங்களில் ஒன்று அவ்வளவு பணம் போட்டிருக்கிறது என்பதே கல்லூரி ஊர்களில் அறைக்கு என்ன கிராக்கி என்று காட்டுகிறது.

நாலைந்து பேர் சேர்ந்து போனால் வீடு எடுப்பது கட்டுப்படியாகும். ஆட்ட நாள்களில் தங்கள் வீட்டைக் காலிசெய்து கொடுத்துவிட்டு உறவினர் வீட்டுக்குப் போய்விடும் குடும்பங்கள் இந்த ஊர்களில் ஏராளம். அமெரிக்க வரிச் சட்டம் அதற்கு ஒரு சலுகை தருகிறது. ஒருவர் தான் குடியிருக்கும் வீட்டை ஆண்டுக்கு 14 நாளுக்கு மிகாமல் வாடகைக்கு விட்டால், அந்த வாடகைக்கு மத்திய வருமான வரி கிடையாது. ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் நடக்கும் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியை ஒட்டி அகஸ்டா விதி என்று இதைச் சொல்வார்கள். ஏழு ஆட்டத்துக்கு இரண்டிரண்டு இரவு, மொத்தம் 14. ஃபுட்பால் ஊர்க்காரர்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி விதி அமைந்திருக்கிறது. வீட்டில் சமையலறை இருக்கும், வாசலிலேயே கார் நிறுத்தலாம். ஆபத்தும் உண்டு. அணி எதிர்பாராமல் வென்றுகொண்டே போய், ஆட்டத்துக்கு மவுசு கூடினால், அதிக வாடகைக்கு ஆசைப்பட்டு வீட்டுக்காரர் கடைசி நேரத்தில் ரத்து செய்துவிடலாம். பணம் திரும்பி வரும், ஆனால் தங்க இடம் இருக்காது. ஆகவே பழைய விருந்தினர்களின் கருத்துகளில் ரத்து பற்றிய புகார் இருக்கிறதா என்று தேடிப் படித்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

ஹோட்டலோ வீடோ, உறுதிப்படுத்தி வரும் மின்னஞ்சலைப் பெரும்பாலோர் பெயரையும் தேதியையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். கீழே பொடி எழுத்தில் இருப்பவைதான் முக்கியம். சாதாரண நாளில் முதல்நாள் மாலைவரை இலவசமாக ரத்து செய்ய விடும் அதே ஹோட்டல், ஆட்ட வாரத்துக்கு முப்பது நாள், அறுபது நாள் கெடு வைக்கும். சில இடங்களில் கட்டிய பணம் திரும்பவே வராது. இந்தக் கெடு ஆட்ட நேரம் அறிவிக்கும் நாளுக்கு முன்பா பின்பா என்று பார்க்க வேண்டும். 12 நாளுக்கு முன் நேரம் தெரியும், 7 நாள் முன்புவரை ரத்து செய்யலாம் என்றால் அந்த அறை தங்கம். விலை இருபது முப்பது டாலர் கூடுதலாக இருந்தாலும் எடுத்துவிடலாம். பக்கத்தில் ஒன்றும் தூரத்தில் ஒன்றுமாக இரண்டு அறை எடுத்துவைத்தவர், இரவு ஆட்டமென்று தெரிந்தபின் பக்கத்து அறையை வைத்துக்கொண்டு தூரத்து அறையை விட்டுவிட அது வழிவிடும். ரத்துக் கெடு முடியும் நாளில் பல அறைகள் சந்தைக்குத் திரும்பி வரும் என்பதும் உண்மை. அறை கிடைக்காதவர்கள் ஆட்டத்துக்கு ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும் மறுபடி தேடிப் பார்க்க வேண்டும்.

மறைமுகக் கட்டணங்களின் தொல்லை ஓரளவு குறைந்திருக்கிறது. 2025 மே 12 முதல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் விதிப்படி, ஹோட்டல்களும் குறுகியகால வாடகை வீடுகளும் கட்டாயக் கட்டணங்களை எல்லாம் சேர்த்த விலையையே முதலில் காட்ட வேண்டும். அரசு வரிகள் பிறகு சேரலாம். கார் நிறுத்தக் கட்டணம் விருப்பத்தைப் பொறுத்தது என்பதால் அதுவும் தனியாக வரலாம். நகர மையத்து ஹோட்டல்களில் அது சாதாரணத் தொகையில்லை.

அறையைப் பார்க்கும்போது விசாரிக்க வேண்டிய சிறு விஷயங்கள் சில. பெரும்பாலான மைதானங்களில் ஒளி ஊடுருவும் பையைத்தான் அனுமதிக்கிறார்கள். அதுவும் 12 அங்குலம் நீளம், 12 அங்குலம் உயரம், 6 அங்குலம் அகலத்துக்குள். மற்ற மூட்டைமுடிச்சுகள் அறையிலோ காரிலோ இருக்க வேண்டும். ஆட்டத்தன்று காலை அறையைக் காலிசெய்கிறவர் பெட்டியை ஹோட்டலில் வைத்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நண்பகல் ஆட்டமென்றால் வாகன நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டிச் சாப்பிடும் டெயில்கேட் விருந்து விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். ஹோட்டலின் இலவசக் காலை உணவு அதற்குள் தயாராகுமா என்பது நல்ல கேள்வி. மைதானத்துக்குப் பேருந்து விடுகிறோம் என்று விளம்பரம் சொன்னால், போவதற்கு மட்டுமா, ஆட்டம் முடிந்த பிறகும் வருமா, எத்தனை மணிவரை என்று தொலைபேசியில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் அறையில் ஃபிரிட்ஜும் மைக்ரோவேவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆட்ட இரவில் ஊர் உணவகங்களில் வாசல்வரை வரிசை நிற்கும்.

ஃபுட்பாலில் கொஞ்சமும் ஆர்வமில்லாத தமிழ்க் குடும்பங்களும் இந்த நெரிசலில் சிக்கிக்கொள்கின்றன. மகளையோ மகனையோ பார்க்கச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் போகிறவர்கள், பருவநிலை இதமாக இருக்குமென்று செப்டம்பரையும் அக்டோபரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். விமான டிக்கெட் எடுத்த பிறகு ஹோட்டல் விலையைப் பார்த்தால் தூக்கிவாரிப்போடும். பயணத் தேதியை முடிவுசெய்யும் முன் பல்கலைக்கழக அணியின் ஆட்ட அட்டவணையை ஒருமுறை திறந்து பார்த்தால் போதும். அணி வெளியூருக்கு ஆடப் போகும் சனிக்கிழமைகளும், ஆட்டமே இல்லாத ஓய்வு வாரமும் அதில் இருக்கும். அந்த நாள்களில் ஊர் அமைதியாக இருக்கும், வளாகத்தைச் சுற்றிப் பார்க்க வழிவிடுவார்கள், அதே அறை சாதாரண விலைக்குக் கிடைக்கும். பிள்ளையே "அப்பா, ஒரு ஆட்டமாவது பார்த்துட்டுத்தான் போகணும்" என்று பிடிவாதம் பிடித்தால், பருவத் தொடக்கத்தில் சிறிய கல்லூரி எதிரணியாக வரும் ஆட்டத்தைக் கேட்டு வாங்கலாம். மைதானமும் இசைக்குழுவும் அதேதான். டிக்கெட்டும் அறையும் பருவத்திலேயே மலிவாக இருப்பது பெரும்பாலும் அந்த வாரங்களில்தான்.